பன்னிரண்டாவது ஈயப் பை

வடக்கே போய் வேலை பார்க்கிற தமிழன் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் அங்குள்ளவர்களுக்குச் சென்னைக்காரன்தான். மன்னார்குடி வேறு, சென்னை வேறு என்று முதல் வருஷம் விளக்கிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. விளக்குவதை விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டீ குடிக்கிற நேரங்களில் மெரினாவையும் மயிலாப்பூரையும் பற்றி அங்கேயே வளர்ந்தவன்போல அளக்கவும் ஆரம்பித்தேன். உண்மையில் நான் அறிந்த சென்னை, சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்கு வண்டி மாறுகிற ஒன்றரை மைல் மட்டுமே.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், எங்கள் ராணுவக் கல்லூரியின் பாராசூட் குழு சென்னையில் ஒரு விழாவுக்காகக் கடற்கரையில் குதித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. "சபாபதிக்கு என்ன, சொந்த ஊருக்குப் போகிறான்" என்று எல்லாரும் முதுகில் தட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் குதிப்பவன் இல்லை, மடிப்பவன். வானத்தில் விரிகிற குடையை யாராவது தரையில் மடித்துப் பைக்குள் அடைத்துத் தர வேண்டுமல்லவா, அந்த ஆள். குடைத் துணியை நீள மேசையில் பரப்பி அடுக்கடுக்காக மடிக்கும்போது அது நழுவாமலிருக்க, மேலே சின்னச் சின்ன ஈயப் பைகளை வைப்போம். உள்ளங்கை அளவு துணிப் பை, உள்ளே ஈயக் குண்டுகள். என்னிடம் பன்னிரண்டு உண்டு. ஒவ்வொரு குடையையும் கட்டி முடித்ததும் பன்னிரண்டும் வெளியே இருக்கின்றனவா என்று எண்ண வேண்டும். எண்ணிய பிறகே குடைப் பையோடு இருக்கும் அட்டையில் கையெழுத்து. ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் குடை சீராக விரியாது. வயிற்றில் மாற்றுக் குடை ஒன்று கட்டியிருப்பார்கள். அதை நம்பி யாரும் குதிப்பதில்லை. எண்ணத் தவறியவனை மூன்று மாதம் மேசைப் பக்கம் விடமாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விமானம் ஏறுமுன் குடைப் பைகளை வரிசையாக வைப்பார்கள். மடித்தவன் அவற்றின் முன் விறைப்பாக நின்று, "இவற்றில் எதைக் கொடுத்தாலும் கட்டிக்கொண்டு நான் குதிப்பேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் குதிப்பவர்கள் பையைத் தொடுவார்கள். பதினோரு வருஷமாக இதைச் சொல்லி வந்தேன். மொட்டை மாடியில்கூட கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நான் போகமாட்டேன். நல்லவேளை, "சரி, குதி" என்று யாரும் சொன்னதில்லை.

குழுவில் ஐந்து பேர். பயிற்சியாளர் சுபேதார் குர்தயாள் சிங்; ஆயிரம் தடவைக்கு மேல் குதித்தவர் என்று அவரே சொல்வார். அவரை எல்லாரும் உஸ்தாத், அதாவது குரு, என்றே அழைப்போம். மற்ற நால்வரும் மாணவர்கள். ராத்தோர் ஆறடி உயரம், ஓயாத வாய். தாப்பா ஐந்தடி, நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மீதி இருவரும் ராத்தோர் செய்வதைச் செய்வார்கள்.

சென்ட்ரலில் இறங்கியதும் உஸ்தாத் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஊர்க் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்" என்றார். விழாக்காரர்கள் ஒரு வாடகை வேன் அனுப்பியிருந்தார்கள். டிரைவர் பெயர் கன்னியப்பன். "எந்தப் பக்கமா போலாம் சார்?" என்று என்னைக் கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "நேராப் போ" என்றேன். நேரே ஒரு சுவர் இருந்தது.

கன்னியப்பன் திரும்பி என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "சார் ஊருக்குப் புச்சா?"

"சும்மா ஓட்டப்பா" என்றேன் தாழ்ந்த குரலில். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாதது என் பாக்கியம்.

"அதான பார்த்தேன்" என்றார். அதன் பிறகு அவர் என்னிடம் வழியே கேட்கவில்லை. உஸ்தாதைத் தமிழில் கேட்டார். உஸ்தாத் பஞ்சாபியில் பதில் சொன்னார். வேன் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கினோம். கட்டிலுக்கு வெளியே உஸ்தாதின் கால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்த மெஸ்ஸில் ராத்தோர் பதினாறு இட்லி சாப்பிட்டுவிட்டு, "சாப்பாடு எப்போது வரும்?" என்று கேட்டான். எங்கள் கல்லூரியில் ரொட்டியை எண்ணித்தான் போடுவார்கள். இங்கே சாம்பாரைக் கேட்காமலே ஊற்றிக்கொண்டு போனார்கள். காபி டம்ளரும் டபராவுமாக வந்தது. உஸ்தாத் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "ஒன்று எனக்கு, இன்னொன்று யாருக்கு?" என்றார்.

அவருக்கு ஒழுங்காக நாலு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுக்க நினைத்தேன். "வணக்கம் ஐயா" அவர் நாக்கில் ஒட்டவில்லை. கன்னியப்பனிடம் கேட்ட "இன்னா நைனா" மட்டும் உடனே ஒட்டிக்கொண்டது. மெஸ் முதலாளி, தபால்காரர், விழாக் கமிட்டித் தலைவர் எல்லாருக்கும் அதே மரியாதைதான்.

மத்தியானம் பாராசூட் மூட்டைகளைப் பிரித்தோம். ரயிலில் யாரோ ஐஸ் பெட்டிகளை எங்கள் மூட்டைகள் மேல் ஏற்றியிருக்கிறார்கள். ஐந்து குடைகளும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. நைலானை வெயிலில் காயப்போடக் கூடாது, நைந்துபோகும். கடற்காற்றும் ஆகாது. உயரமான கூரையும் நீளமான மேசையும் உள்ள இடம் வேண்டும். எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள், ஊர்க்காரன் என்று.

"மைலாப்பூர்ல ஒரு கல்யாண மண்டபம் கீது சார்" என்றார் கன்னியப்பன். "நம்ம மச்சான்தான் அங்க லைட்டு கட்றான். கேட்டா குட்ப்பாங்கோ."

"நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று உஸ்தாதுக்கு மொழிபெயர்த்தேன்.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனோம். அதற்கடுத்த நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அதுவரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மாடிக் கைப்பிடியிலிருந்து ஐந்து குடைகளையும் தொங்கவிட்டோம். ஆரஞ்சும் வெள்ளையுமாக மண்டபம் நிறைந்துவிட்டது. தெருவில் போன ஒரு மாமி உள்ளே வந்து துணியைத் தொட்டுப் பார்த்து, "கெஜம் என்ன விலை?" என்று கேட்டார். விற்பதற்கில்லை என்றதும் நம்பாமல் போனார்.

கல்யாணச் சமையலுக்கு அடுப்பு மூட்டக் கிட்டு மாமா என்ற சமையல்காரர் வந்திருந்தார். அண்ணாந்து குடைகளைப் பார்த்தார், உஸ்தாதைப் பார்த்தார். "இதைக் கட்டிண்டா மேலேர்ந்து குதிக்கறார்? ஆத்துல மனுஷா ஒண்ணும் சொல்லமாட்டாளா?"

உஸ்தாதுக்குச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, "வீட்டுக்காரிக்கு நான் அணிவகுப்பு வாத்தியார், குதிப்பதே தெரியாது. இருபது வருஷமாக அப்படித்தான்" என்றார். பிறகு, "அவளுக்கு ஒரு புடவை வாங்க வேண்டும்" என்றார். புடவைக்கும் அந்த இருபது வருஷத்துக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குப் பட்டது.

சாயங்காலம் தி. நகருக்குப் போனோம். கடைக்காரர் உஸ்தாதின் தலைப்பாகையைப் பார்த்த உற்சாகத்தில் முப்பது புடவைகளைப் பிரித்துப் போட்டார். அவருக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் அத்தனையையும் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். நாலு உதறல், மூன்று மடிப்பு, புடவை பழையபடி பெட்டிக்குள். கண் வேறெங்கோ இருந்தது, வாய் பேசிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

"இவருக்கு எத்தனை ஈயப் பை?" என்று உஸ்தாத் என் காதில் கேட்டார்.

"ஒன்றுகூட இல்லை."

"நம் கல்லூரிக்கு வருவாரா, கேள்."

கேட்டேன். அவர் தென்பாண்டிச் சீமைக்காரர். "குதிக்கணுமா அண்ணாச்சி?"

"குதிக்க வேண்டாம், மடித்தால் போதும்."

"தப்பா மடிச்சிட்டா என்ன ஆகும்?"

சொன்னேன். அவர் கையிலிருந்த புடவையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இங்கன தப்பா மடிச்சா முதலாளி ஏசுவாக, அவ்வளவுதான். நான் இங்கனயே இருந்துக்கிடுதேன் அண்ணாச்சி." முப்பது புடவைகளையும் பார்த்த உஸ்தாத், முதலில் காட்டியதையே வாங்கினார்.

மூன்றாம் நாள் காலை குடைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. சாப்பாட்டு மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்து, கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து வேலையை ஆரம்பித்தேன். முதல் குடை, இரண்டாம் குடை. மூன்றாவதைக் கட்டி முடிக்கிற நேரம் கிட்டு மாமா வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு வந்து நின்றார். "ஆறிப் போயிடும். கையை அலம்பிண்டு வாங்கோ."

பதினோரு வருஷமாக நான் கடுகெண்ணெய் பஜ்ஜி தின்றவன். போனேன். ஆறு பஜ்ஜி, ஒரு காபி. திரும்பி வந்து நாலாவதையும் ஐந்தாவதையும் மடித்தேன். நாக்கில் இன்னும் பஜ்ஜி இருந்தது. ஐந்து அட்டைகளிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். கிட்டு மாமா வாழையிலை வாங்கக் கிளம்பிப் போவது ஜன்னல் வழியே தெரிந்தது. ஈயப் பைகளைப் பெட்டியில் அடுக்கினேன். பதினொன்று.

மறுபடி எண்ணினேன். மேசைக்கடியில் தேடினேன். துணியை உதறினேன். சமையலறை வாசலுக்குப் போனபோது உள்ளிருந்து ஒருவர், "உள்ள வரப்படாது! சமையல் ஆயிண்டிருக்கு" என்று கரண்டியோடு மறித்தார். திரும்பி வந்து ஐந்து குடைப் பைகளையும் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி, ஒழுங்காக, என் கையெழுத்தோடு இருந்தன.

மனம் வக்கீல் வேலை பார்த்தது. காக்கை தூக்கியிருக்கும் என்றது. ஈயத்தைத் தூக்குகிற காக்கை எந்த ஊரில் இருக்கிறது? ரயிலிலேயே தொலைந்திருக்கும் என்றது. காலையில் பன்னிரண்டையும் நானே எடுத்து வைத்தேன். மூன்று மாதம் மேசை இல்லாமல், துடைப்பமும் கையுமாக மற்றவன் மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தாப்பா வந்தான். வெயில் அவனை அடித்துப் போட்டிருந்தது. வரிசையில் நாலாவது பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். அவனுக்கு மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன்.

உஸ்தாத் படியில் உட்கார்ந்து கன்னியப்பனிடம் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். "உஸ்தாத், பதினொன்றுதான் இருக்கிறது" என்றேன்.

அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "எதுவரை எண்ணினாய்?"

"இரண்டாவது வரை எண்ணியதாக ஞாபகம்."

"ஞாபகமா?" என்று எழுந்தார். "ஐந்தையும் பிரி."

முதல் பையைப் பிரிக்கும்போதே வாசலில் நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வந்து, "எங்களவா உக்கார இடமில்லாம இது என்ன கூத்து?" என்று சத்தம் போட்டார். நான் கைகூப்பி விஷயத்தைச் சொன்னேன். ஐந்து உயிர் என்றதும் அவர் குரல் இறங்கியது. ராணுவம் என்றதும் முதுகு நிமிர்ந்தது. அடுத்த நிமிஷம் மேற்பார்வை முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது. "டேய் சேகர், அந்த ஓரத்தைப் பிடி. கசக்காதே! மிலிட்டரி சாமான்!" கோட்டும் சூட்டுமாக இருந்த மாப்பிள்ளையும் ஒரு மூலையைப் பிடித்தார்.

ஐந்தையும் பிரித்து, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தோம். எதிலும் ஈயப் பை இல்லை. அது நல்ல செய்திதான். ஆனால் அது எங்கேதான் போயிற்று என்று நினைக்க நினைக்க எனக்குத் தலை சுற்றியது. உஸ்தாத், "உள்ளே இல்லை. அது போதும். மடி" என்றார்.

திரும்ப மடித்தேன். ஒவ்வொரு பையையும் கட்டி முடித்ததும் நான் எண்ண ஆரம்பிப்பேன். கல்யாணக் கூட்டமே சேர்ந்துகொள்ளும். "ஒண்ணு… ரெண்டு… மூணு…" கடைசியில் "பதினொண்ணு!" என்று குழந்தைகள் கூவுவார்கள். பெரியப்பா தாமும் ஒரு தடவை தனியாக எண்ணிப் பார்த்து, சரி என்று தலையசைப்பார். ஐந்து தடவையும் அப்படியே நடந்தது. எங்கள் கல்லூரியில்கூட இவ்வளவு கறாராக யாரும் எண்ணியதில்லை.

அதே மேசைகளில் முதல் பந்தி போட்டார்கள். எங்களையும் விடவில்லை. ராத்தோர் ரசத்தை டம்ளரில் வாங்கி மூன்று தடவை குடித்தான். மோர்ச் சாதத்துக்கு எல்லாரும் காத்திருந்தபோது கிட்டு மாமா தயிர்ப் பாத்திரத்தோடு வந்தார். பாத்திரத்து மூடியின் மேல், அடக்கமாக, பன்னிரண்டாவது ஈயப் பை உட்கார்ந்திருந்தது.

அதைக் கையால் காட்டினேன்.

"இதுவா?" என்றார் கிட்டு மாமா. "மத்தியானம் பூனை மூடியைத் தள்ளிண்டே இருந்தது. உங்க மேஜையில கனமா இது கிடந்துதா, நீங்க பஜ்ஜி சாப்பிட்டுண்டிருந்தேள், எடுத்து வெச்சேன். நன்னா இருந்தது போங்கோ, பூனை கிட்டயே வரலை."

உஸ்தாதுக்கு மொழிபெயர்த்தேன். அவர் தலைப்பாகை அவிழ்ந்துவிடுமோ என்று பயப்படும்படி சிரித்தார். பந்தியே சிரித்தது. பிறகு அவர் எழுந்து கை கழுவித் துடைத்துக்கொண்டு, பதிவேட்டைத் திறந்து எழுதினார்: மடிப்பவர் எண்ணத் தவறினார், கல்லூரி திரும்பியதும் மூன்று மாதம் மேசையிலிருந்து விலக்கம். எழுதியதை என்னிடமே படிக்கக் கொடுத்தார்.

"பூனையைப் பற்றி ஒரு வரி எழுதலாமே, உஸ்தாத்" என்றேன்.

"எண்ணுவது பூனையின் வேலை இல்லை" என்றார்.

நாலாம் நாள் காலை தாம்பரம் பக்கம் விமானத் தளத்தில் டகோட்டா விமானம் தயாராக நின்றது. ஐந்து பைகளும் வரிசையாக இருந்தன. ஐந்து பேரும் எதிரே நின்றார்கள். நான் முன்னால் போய் விறைப்பாக நின்றேன். வாயைத் திறந்தேன். வாக்கியம் வரவில்லை.

பதினோரு வருஷம் தடங்கலில்லாமல் வந்த வாக்கியம். அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. எதைக் கொடுத்தாலும் நான் குதிப்பேனா? அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் யாரும் பையைத் தொடமுடியாது, என்னாலோ சொல்லமுடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

உஸ்தாத் வரிசையைவிட்டு நடந்து என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கைகளையும் நீட்டினார். நான்கு நாளில் கற்ற தமிழ் முழுவதையும் திரட்டி, "எத்த வோணா குடு நைனா" என்றார்.

குனிந்து, கைக்கு வந்த பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அட்டையைப் பார்க்காமலே கட்டிக்கொண்டார். அடுத்து தாப்பா வந்து கையை நீட்டினான். நாலாவதைத் தேடி அவனுக்குக் கொடுத்தேன்.

விமானம் உயரம் ஏறி, காற்றுப் பார்த்து வர முக்கால் மணி ஆகும். அதற்குள் அவர்கள் இறங்கவிருந்த பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்விடலாம் என்று கன்னியப்பன் வேனை விரட்டினார். கிண்டியில் மாட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. அடையாறு டெப்போ பக்கம் வேனின் முன்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. "தண்ணி இல்ல சார், குந்திக்கினுச்சு" என்று இறங்கினார். நானும் இறங்கினேன். தலைக்கு மேல் டகோட்டாவின் இரைச்சல் கேட்டது.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கிழக்கே, கடல் பக்கம், கரும்புள்ளிகள் உதிர்ந்தன. விழுந்துகொண்டே இருந்தன. "இன்னாய்யா, வுழுறானுங்கோ!" என்று ஒருவர் கத்தினார். ஒரு குடை விரிந்தது. ஒன்று. இரண்டு. பக்கத்திலேயே மூன்று. நாலு.

ஐந்தாவதைக் காணோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நாலுதான். தென்னை மரங்களும் ஒரு வீட்டு மாடியும் வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தன. சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிப் பார்த்தேன். நாலு.

"கன்னியப்பா!" என்று கத்தினேன். அவர் ஏற்கெனவே வேன் மேல் ஏறி நின்றிருந்தார். "எத்தனை இருக்கிறது? எத்தனை குடை?"

அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். எனக்கு அது வெகு நேரமாகத் தோன்றியது.

"அஞ்சி கீது சார். அத்தோ, தூரமா சின்னதா ஒண்ணு, தென்னமரத்துக்குப் பின்னாடி. நல்லா விரிஞ்சிக்கினுதான் கீது."

நான் வேனில் சாய்ந்துகொண்டேன். தகரம் நெருப்பாகச் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"இன்னொரு தபா எண்ணு" என்றேன்.

"இன்னா சார் நீ, அஞ்சிதான் கீதுன்றேன்."

"பரவாயில்லை, கன்னியப்பா. எண்ணு."

அவர் விரலை நீட்டி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். நானும் கீழே நின்று கூடவே எண்ணினேன்.